கர்ஜித்தால்தான் பெரும்பூனையா?

பெரியவர்களே, மாணவ நண்பர்களே, வணக்கம்.

1758-இல், உயிரினங்களை வகைப்படுத்திய சுவீடன் அறிஞர் லின்னேயஸ் வீட்டுப் பூனையையும் சிங்கத்தையும் ‘ஃபீலிஸ்’ என்ற ஒரே பேரினத்தில், அதாவது நெருங்கிய இனங்களின் ஒரே தொகுப்பில், போட்டுவிட்டார். 1816-இல் ஜெர்மன் இயற்கையாளர் லோரென்ஸ் ஓக்கன் ‘பாந்தெரா’ என்றொரு பேரினப் பெயரை வைத்தார். அதற்கு உயிர் கொடுத்தவர், லண்டன் உயிரியல் பூங்காவில் கண்காணிப்பாளராக இருந்த ரெஜினால்ட் பொகாக். 1916-இல் சிங்கம், புலி, சிறுத்தை, ஜாகுவார் என்ற பெரும்பூனைகள் நான்கையும் அதில் சேர்த்தார்.

அவர் பார்த்த இடம் தொண்டை. நாக்கின் அடியில் நாவடி எலும்பு என்று ஒன்று உண்டு. வீட்டுப் பூனைக்கு அது சின்னச் சின்ன எலும்புகள் கோத்த சங்கிலிபோல மண்டையோட்டிலிருந்து குரல்வளைவரை இறங்குகிறது. சிங்கத்துக்கோ அந்தச் சங்கிலியில் ஒரு துண்டு எலும்பே இல்லை. அங்கே இழுபடும் நார்தான் இருக்கிறது. அதனால்தான் குரல்வளை கீழே இறங்கி, கர்ஜனை பிறக்கிறது என்றார்கள். எலும்பு முழுதாக இருந்தால் ‘குர்குர்’, நார் இருந்தால் கர்ஜனை. எவ்வளவு வசதியான கணக்கு!

வந்து சேர்ந்தது பனிச்சிறுத்தை. லடாக், ஸ்பிதி மலைகளில் திரிகிற அந்த விலங்குக்கும் நாவடியில் நார் இருக்கிறது. ஆனால் கர்ஜிக்காது, மூக்கால் மெல்லச் சீறும், ஊளையிடும், அவ்வளவுதான். அப்புறம்தான் குரல் நாண்களைக் கவனித்தார்கள். சிங்கத்துக்கும் புலிக்கும் அவை தடித்து, உள்ளே கொழுப்பு சேர்ந்து, தட்டையாக இருக்கின்றன. குறைந்த மூச்சிலேயே பெரிதாக அதிர்கின்றன. பனிச்சிறுத்தைக்கு அந்தத் தடித்த நாண் இல்லை. நாவடியைக் கொண்டாடிய அளவுக்கு இதை யாரும் பாடநூலில் கொண்டாடவில்லை என்பது என் வருத்தம்.

சரி, கர்ஜிக்காத இதை எங்கே வைப்பது? பொகாக் தனிப் பேரினமாகவே வைத்தார். மரபணுவைப் படித்தவர்கள் வேறு விடை சொன்னார்கள்: அது பாந்தெராவுக்குள்தான் வருகிறது, அதிலும் புலிக்குத்தான் மிக நெருங்கிய உறவு. 2017-இல் வெளியான, உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பூனை வல்லுநர் குழுவின் வகைப்பாடும் பனிச்சிறுத்தையைச் சேர்த்து பாந்தெராவில் ஐந்து இனங்களையே சொல்கிறது.

உடல் அளவையும் நம்பாதீர்கள். அமெரிக்கக் கண்டங்களில் வாழும் பூமா சிறுத்தைக்கு இளைத்ததல்ல. ஆனாலும் அது குர்குரென்கிற கட்சி. அதன் நெருங்கிய சொந்தங்களில் ஒன்று சீட்டா எனப்படும் சிவிங்கிப்புலி. ஜாகுவாரோடு ஒரே காட்டில் வாழ்ந்தாலும் பாந்தெராவில் பூமாவுக்கு இடமில்லை.