முன்பணமும் பின்பணமும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். தொழிலாளர் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் நான். கொத்தடிமை என்றதும் நம்மில் பலருக்கும் செங்கல் சூளையும் கல்குவாரியும்தான் நினைவுக்கு வருகின்றன. நாம் உடுத்தும் துணிக்குப் பின்னாலும் அது இருக்கிறது என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

பல்லடம், அவிநாசி, பெருந்துறைப் பக்கத்து நூல் மில்களுக்குத் தேனி, ராமநாதபுரம், புதுக்கோட்டை என்று தூரத்து மாவட்டங்களிலிருந்து புரோக்கர்கள் பெண் பிள்ளைகளை அழைத்து வந்ததை நேயர்கள் அறிவீர்கள். சுமங்கலித் திட்டம் என்றார்கள். மூன்று வருடம் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தால், முடிவில் 30,000 ரூபாயோ 50,000 ரூபாயோ மொத்தமாகக் கைக்கு வரும், கல்யாணத்துக்கு ஆகும் என்பது பேச்சு. பெற்றவர்களுக்கு அது பெரிய தொகை. ஆனால் மில் அதைத் தன் பணத்திலிருந்து கொடுக்கவில்லை. அந்தப் பெண்ணின் தினக்கூலியைக் குறைத்துக் கொடுத்து, மிச்சத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. இரண்டரை வருடம் கழித்து உடம்புக்கு முடியாமல் ஊர் திரும்பினால் அத்தனையும் போச்சு.

மில்லில் ரிங் ஃபிரேம் என்ற நூல் நூற்கும் இயந்திரம் ஓடும் இடத்தில் ஒரு பத்து நிமிடம் நின்று பாருங்கள். பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. அறுந்த இழையைக் கூட்டிக்கொண்டே ஷிப்ட் முழுக்க நடக்க வேண்டும், உட்கார நேரமிருக்காது. புருவத்தில் பஞ்சு வெள்ளையாகப் படிந்திருக்கும். இரவு ஷிப்ட் முடிந்து ஹாஸ்டலுக்குப் போனால் அம்மாவுடன் பேசக்கூட வார்டன் பக்கத்தில் நிற்பார். 15, 16 வயதில் இதைச் செய்த பிள்ளைகள் உண்டு. ஆதாரில் வயது வேறாக இருக்கும். இப்போது சுமங்கலித் திட்டம் என்ற பெயரை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. ஒடிசா, ஜார்க்கண்ட் பெண்கள் வருகிறார்கள். கம்பிக் கதவும் வார்டனும் பல இடங்களில் அப்படியேதான்.

அப்புறம் காவிரிக் கரைக்கு வாருங்கள். குமாரபாளையம், பள்ளிபாளையம் விசைத்தறிகளில் பணம் முன்னாலேயே வந்துவிடுகிறது. மகளுக்குச் சீர், அம்மாவுக்கு ஆஸ்பத்திரி என்று தறி ஓட்டும் தொழிலாளி முதலாளியிடம் அட்வான்ஸ் வாங்குவார். வாரக்கூலியில் பிடித்தம் போகும். கூலி பத்தாது, மறுபடியும் வாங்குவார். வேறு தறிக்குப் போக வேண்டுமென்றால் புது முதலாளி பழைய பாக்கியைத் தீர்த்து ஆளை எடுத்துக்கொள்வார். பாக்கி கைமாறுகிறது, ஆளும் கூடவே போகிறார். பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன் உட்கார்ந்து தார் சுற்றுவான், அதாவது தறிக்கு ஊடை நூலைக் குழலில் சுற்றிக் கொடுப்பான். குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்று 2016-இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டம் ஒரு வழி விட்டிருக்கிறதே என்பார்கள். அப்பா கூலிக்கு ஓட்டுவது இன்னொருவர் தறி. அது எப்படிக் குடும்பத் தொழில் ஆகும்?

'யாரும் கட்டாயப்படுத்தவில்லையே, சம்மதித்துத்தானே வந்தார்கள்' என்று நீதிமன்றத்திலேயே வாதாடுகிறார்கள். இதற்கு உச்ச நீதிமன்றம் 1982-இல், டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் பதில் சொல்லிவிட்டது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே ஒருவர் வேலை செய்கிறார் என்றால் வறுமைதான் அவரைக் கட்டாயப்படுத்துகிறது. அரசியல் சட்டத்தின் 23-ஆவது பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பு அதுதான் என்றது. என் பார்வையில், மூன்று வருடம் பிடித்து வைத்த கூலிக்கும் தீராத அட்வான்ஸுக்கும் இதைவிடப் பொருத்தமான தீர்ப்பு இல்லை.

திருப்பூருக்குத் துணி வாங்க வரும் வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் ஒன்றும் தெரியாதவர்கள் அல்ல. சீனாவின் ஷின்ஜியாங் பகுதிப் பருத்தியில் கட்டாய உழைப்பு இருக்கிறதென்று அமெரிக்கா கொண்டுவந்த சட்டம் 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. பஞ்சு எங்கே விளைந்தது என்று அதன்பின் காகிதம் கேட்கிறார்கள், நல்லது. ஆனால் வேலை நிலைமையைச் சோதிக்க அவர்கள் அனுப்பும் ஆடிட்டர் பெரும்பாலும் தையல் கம்பெனியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார். பஞ்சுப் பொதியின் ஊரைக் கண்டுபிடிக்க முடிகிறவர்களால், அதை நூலாக்கிய பெண்ணின் சம்பளச் சீட்டைக் கேட்க முடியாதா? முடியும். ஆர்டர் கொடுக்கும்போதே கேட்டால் மில் காட்டித்தான் ஆக வேண்டும்.

கேட்டுக்கொண்டிருக்கும் தொழிலாளர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1976-ஆம் வருடத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி கொத்தடிமையாக வைத்து வேலை வாங்கக் கொடுத்த கடனைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. இது கொத்தடிமைக் கடன் என்று நீங்கள் சொன்னால், அப்படி இல்லை என்று நிரூபிப்பது கொடுத்தவர் பொறுப்பு. உங்களிடம் நோட்டும் ரசீதும் இல்லையே என்று தயங்க வேண்டாம். கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுங்கள். முதலாளி பெயர், வாங்கிய தொகை, வாரக்கூலி, எத்தனை வருடம் என்பதை எழுதுங்கள். மனு கொடுத்ததற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் வேலை செய்வதைப் பார்த்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் செய்யலாம், அழைப்புக்குக் காசு இல்லை.