தேய்ந்த துப்பாக்கியின் பக்கம் நின்று

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, இந்தக் குளிரிலும் மண்டபத்தை நிறைத்திருக்கும் உறவுகளே, எல்லோருக்கும் வணக்கம்.

"வேட்டைக்காரரின் மனத்தைப் பிடிப்பது புத்தம்புதுத் துப்பாக்கியா, உழைத்துத் தேய்ந்த துப்பாக்கியா?" இதுதான் இன்றைய தலைப்பு. நான் தேய்ந்த துப்பாக்கியின் பக்கம் பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய தம்பி நன்றாகவே பேசினார். துருப்பிடிக்காத எஃகுக் குழல், தோளில் அணைக்க மழையில் ஊறாத பிளாஸ்டிக் கட்டை, மேலே குறிபார்க்க ஒரு ஸ்கோப், 100 கஜத்தில் மூன்று தோட்டாவும் ஓர் அங்குலத்துக்குள் விழும் என்று கம்பெனியே தருகிற உத்தரவாதம். இவ்வளவும் கடையில் கிடைக்கும்போது, கீறல் விழுந்த பழைய துப்பாக்கியைக் கட்டிக்கொண்டு அழுவது வெறும் பழம்பாசம் என்று முடித்தார். அவர் சொன்ன விவரம் எதையும் நான் மறுக்கப்போவதில்லை. அதிலிருந்து அவர் வந்து சேர்ந்த முடிவைத்தான் மறுக்கிறேன்.

அதற்கு முன் ஒன்று. துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டாலே நெஞ்சு பதறுகிறவர்கள் இந்த மண்டபத்தில் பலர் இருக்கிறீர்கள். நாம் அதைப் பார்த்த இடம் வேறு, பட்டது வேறு. இங்கே நான் பேசுவது கனடாவின் வடக்கிலும் அமெரிக்காவின் மலைப்பக்கங்களிலும் குளிர்காலத்துக்கு இறைச்சி சேர்க்கக் காட்டுக்குப் போகும் குடும்பங்களின் கருவியைப் பற்றி. அந்த எல்லையைத் தாண்ட மாட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எதிரணி தேய்ந்ததையும் கெட்டதையும் ஒரே கூடையில் போட்டுவிட்டது. அவர்கள் வாதத்தின் ஓட்டை அங்கேதான் இருக்கிறது.

வடக்கு ஒன்ராறியோவில் எனக்குப் பழக்கமான ஒரு பெரியவர் இருக்கிறார். அவரிடம் இருப்பது அமெரிக்காவின் வின்செஸ்டர் கம்பெனி செய்த வின்செஸ்டர் 94. ஜான் பிரவுனிங் வடிவமைத்து 1894-ல் வந்த வகை. 70 லட்சத்துக்கும் மேல் செய்து விற்ற துப்பாக்கி, ஆகவே அபூர்வப் பொருளே கிடையாது. அவருக்கு அது அப்பாவிடமிருந்து வந்தது. ஒருநாள் அதைச் சமையலறை மேசையில் ஒரு துணியை விரித்து வைத்து, "நன்றாகப் பாருங்கள்" என்றார். நடுப்பகுதியின் அடியில் கருநீலப் பூச்சு முழுவதும் போய் எஃகு வெள்ளியாகத் தெரிந்தது. அங்கே மட்டும் ஏன்? துப்பாக்கியை ஒற்றைக் கையில் தூக்கினால் எடை இரண்டு பக்கமும் சமமாக நிற்கும் இடம் அது. காட்டில் நடக்கிறவரின் உள்ளங்கை நாள் முழுக்க அங்கேதான் இருக்கும். தோட்டா மாற்றக் கீழே இழுக்கிற நெம்புகோல் வளையத்தின் உள்பக்கமும் அதேபோல வெளுத்திருந்தது. குழல்வாய்க்குப் பக்கத்தில் இரு புறமும் தேய்மானம், அது தோலுறையில் போட்டு எடுத்ததில் வந்தது. வால்நட் கட்டையில் கன்னம் படும் இடம் மட்டும் எண்ணெய் ஏறிக் கறுத்திருந்தது. அப்பாவும் மகனும் ஒருவர் பின் ஒருவராகக் கன்னம் வைத்த இடம்.

அப்புறம் ஒரு சிறிய விளக்கைக் கொடுத்துக் குழலுக்குள் பார்க்கச் சொன்னார். தோட்டாவைச் சுழற்றிவிட உள்ளே ஓடும் சுருள் வரிகள் கூர் மழுங்காமல் பளிச்சென்று இருந்தன. குழல்வாயின் விளிம்பில் ஒரு சிராய்ப்பு கூட இல்லை. இந்த வகைத் துப்பாக்கியைப் பின்பக்கமிருந்து துடைக்க வழியில்லை, முன்னாலிருந்துதான் கம்பியை விட வேண்டும். கம்பி உரசி உரசி அந்த விளிம்பு ஒரு பக்கமாகத் தேய்ந்தால், தோட்டா வெளியேறும் கணத்தில் புகை ஒரு பக்கமாகத் தள்ளும், குறி விலகிப்போகும். அதனால் கம்பி விளிம்பைத் தொடாதபடி ஒரு பித்தளைக் கூம்பு வைத்துத்தான் அவர் துடைக்கிறார், அவருடைய அப்பாவும் அப்படித்தான் துடைத்தாராம்.

நடுவர் ஐயா, தேய்மானம் என்று நான் சொல்வது இதை. வெளியே கை பட்ட இடமெல்லாம் தேய்ந்திருக்கிறது, உள்ளே தேயக்கூடாத இடம் ஒன்றும் தேயவில்லை. துரு முற்றிலும் வேறு விஷயம். வாங்கிய நாளிலிருந்து பஞ்சு வைத்த பெட்டிக்குள்ளேயே பூட்டி வைத்த துப்பாக்கியைத் திறந்து பாருங்கள். பஞ்சு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், குழலில் குழி குழியாகத் துரு ஏறியிருக்கும். கட்டையில் கீறல் இருக்காது, பூச்சு புதுக்கருக்கோடு இருக்கும், ஆனால் சுட்டால் குறிக்குப் போகாது.

குறி என்று வந்ததால் அந்த ஓர் அங்குலக் கணக்கையும் பார்த்துவிடுவோம். ஒரு மானைத் துடிக்கவிடாமல் வீழ்த்த வேண்டிய நெஞ்சுப் பகுதி ஏறத்தாழ 8 அங்குல வட்டம். அடர்ந்த காட்டில் மான் 100 கஜத்துக்கு உள்ளேதான் தென்படும், அதுவும் ஒரு மூச்சு நேரம். ஸ்கோப் இல்லாமல் இரும்புக் குறிமுனை மட்டும் வைத்த, .30-30 என்ற அளவுத் தோட்டா போடும் பழைய துப்பாக்கி அந்தத் தூரத்தில் மூன்று அங்குலத்துக்குள் போட்டாலே வேண்டிய அளவுக்கு மேல். மிச்சமெல்லாம் தோளும் கண்ணும் விரலும் செய்ய வேண்டிய வேலை. பல வருஷம் ஒரே துப்பாக்கியோடு நடந்தவருக்கு, கண் மானை விட்டு அகலாமல் இருக்கும்போதே துப்பாக்கி தோளில் வந்து உட்கார்ந்துவிடும். ஆண்டுக்கொரு புது மாடல் வாங்குகிறவருக்கு அந்தப் பழக்கம் படிவதற்குள் பருவம் முடிந்துவிடும். அடிபட்டு ஓடிய மானைப் பின்னால் தேடிப் போகிற துயரம் எப்படிப்பட்டது என்று எந்த வேட்டைக்காரரையும் கேட்டுப் பாருங்கள், பழகிய கை அவர்களுக்கு ஏன் இவ்வளவு பெரிது என்று புரியும்.

பழைய துப்பாக்கி ஆபத்து என்று எதிரணித் தங்கை சொன்னார். அந்தக் கவலை நியாயமானது. கை மாறி வந்த எந்தத் துப்பாக்கியையும், தோட்டா உட்காரும் அறையின் அளவு சரியாக இருக்கிறதா என்று தெரிந்தவரிடம் காட்டாமல் சுடக்கூடாது. எஃகும் மரமுமான துப்பாக்கி அப்படிக் காட்டிச் சரிசெய்ய இடம் கொடுக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சுருள்வில் தளர்ந்தால் மாற்றலாம், கட்டை விரிந்தால் ஒட்டலாம்.

இந்த வழக்கு நமக்குப் புதிதும் இல்லை. அதியமானின் தூதாகப் போன ஔவையிடம் தொண்டைமான் தன் ஆயுதக் கொட்டிலைக் காட்டினான். மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசி, காவலுக்குள் வரிசையாக நின்ற படைக்கலங்கள். எங்கள் அரசனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றாள் அவள். அவை கிடந்த இடத்தைக் கவனியுங்கள். குப்பையில் இல்லை, பட்டறையில் கிடந்தன. மறுபடி போவதற்காகச் சரிசெய்யப்பட்டுக்கொண்டிருந்தன. நான் எந்தத் துப்பாக்கிக்காக வாதாடுகிறேனோ அதற்கும் அந்த வேலுக்கும் ஒரே ஜாதகம்.

இனி வடக்கே போவோம். 1947-ல் ராணுவத்தைச் சேர்ந்த கனடிய ரேஞ்சர்கள் படை தொடங்கியது. வடதுருவப் பக்கத்திலும் ஆளரவமற்ற கரையோரங்களிலும் வாழ்கிற மக்களே அதில் உறுப்பினர்கள், வடதுருவப் பழங்குடிகளான இனுயிட் மக்கள் உட்பட. அவர்களுக்குக் கொடுத்தது .303 தோட்டா போடும் லீ-என்ஃபீல்டு. அவற்றில் பல நமக்குப் பக்கத்திலேயே பிறந்தவை. ஒன்ராறியோ ஏரிக்கரையில், ரொறன்ரோவை ஒட்டிய இன்றைய மிசிசாகா எல்லைக்குள் இருந்த லாங் பிராஞ்ச் ஆலையில் இரண்டாம் உலகப் போரின்போது லட்சக்கணக்கில் செய்தார்கள். செய்தவர்களில் பெரும்பகுதி பெண்கள். அந்த ஆலையின் சோதனைக் கட்டிடம் இன்றும் கலைக்கூடமாக நிற்கிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை போய்ப் பாருங்கள்.

போருக்குச் செய்த அந்தத் துப்பாக்கி பனிக்கு மேல் எப்படி வாழ்ந்தது? சறுக்கு வண்டியில் மூட்டை முடிச்சுகளோடு கட்டி, பனிக்கட்டி மேட்டிலும் பள்ளத்திலும் இடிபட்டுப் போகும். பனியில் ஓடும் ஸ்னோமொபைலின் அதிர்வு முழுவதும் கட்டைக்குத்தான். மைனஸ் 40 டிகிரியில் எண்ணெய் கூழாகி, தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசியின் வேகத்தைக் குறைத்துவிடும் என்பதால், தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டை எண்ணெயில்லாமல் துடைத்து உலரவிட்டு வைப்பார்கள். சூடான கூடாரத்துக்குள் கொண்டுவந்தால் இரும்பில் நீர் கோத்து, மறுபடி வெளியே போனதும் உறைந்து பிடித்துக்கொள்ளும், ஆகவே இரவில் வெளியிலேயே வைப்பார்கள். தடித்த கையுறையோடும் இயக்கலாம். கரிபு மானுக்கும் சீல் என்ற கடல்நாய்க்கும் அதே துப்பாக்கிதான், துருவக் கரடி முகாமுக்கு வந்தால் உயிர்க் காவலும் அதுதான். கரடி முன்னால் நிற்கும்போது ஒருவர் கட்டையின் அழகைப் பார்க்க மாட்டார். போன குளிர்காலத்திலும் அதற்கு முந்திய குளிர்காலத்திலும் இது சுட்டதா என்பதைத்தான் நினைப்பார். தேய்ந்த துப்பாக்கி அந்தக் கேள்விக்கு ஏற்கெனவே பதில் சொல்லியிருக்கிறது. புதியது இனிமேல்தான் சொல்ல வேண்டும்.

அடுத்து ஒரு விநோதமான துப்பாக்கி. 2014 நவம்பரில் நெவாடாவில், கிரேட் பேசின் தேசியப் பூங்காவில், ஒரு ஜூனிப்பர் மரத்தில் சாய்ந்து நின்ற வின்செஸ்டர் 1873 ஒன்றைப் பூங்கா ஊழியர்கள் கண்டெடுத்தார்கள். எண்ணைப் பார்த்ததில் 1882-ல் செய்தது என்று தெரிந்தது. யாரோ சாய்த்து வைத்துவிட்டுப் போனவர் திரும்பி வரவே இல்லை. கட்டை வெளிறி வெடித்திருந்தது, குழல் துருவேறியிருந்தது. அதைத் தேய்த்தது உழைப்பைவிட வெயிலும் பனியும்தான் என்று எதிரணி சொல்லலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வகையில் 7 லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள். மெருகு குலையாத வின்செஸ்டர் 1873-கள் எத்தனையோ கண்ணாடிப் பேழைகளில் இருக்க, பத்திரிகைகள் எழுதியதும் மக்கள் பேசியதும் இந்த ஒன்றைப் பற்றி. வயோமிங் மாநிலத்தில் கோடி (Cody) என்ற ஊரில் உள்ள அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனபோது அங்கிருந்தவர்கள் அதைத் தேய்த்து மினுக்கவில்லை. உதிர்கிற மரம் உதிராமல் இருக்க மட்டும் வழி செய்தார்கள். ஆலையிலிருந்து வெளிவரும்போது எல்லாத் துப்பாக்கியும் ஒன்றுபோலத்தான் இருக்கும், பிறகு அதற்கென்று ஒரு முகத்தைக் கொடுப்பது அது பட்ட பாடு.

சந்தைக்கும் இது தெரியும். சேகரிப்பவர்கள் பழைய வின்செஸ்டரைப் பூச்சு போன கோலத்திலேயே வாங்க ஆசைப்படுவார்கள். மினுக்கிப் புதுப் பூச்சு ஏற்றினால் விளிம்புகள் மழுங்கி, பொறித்த எழுத்துகள் மங்கி, விலை இறங்கிவிடும். செலவைக் குறைக்க 1964-ல் வின்செஸ்டர் தன் தயாரிப்பு முறையை மாற்றியது. இன்றைக்கும் துப்பாக்கி வாங்குகிறவர்கள் "64-க்கு முந்தியதா?" என்று கேட்கிறார்கள்.

கடைசியாக, எதிரணி பெரிய அஸ்திரம் என்று நினைத்து வீசியது: "அப்படியென்றால் அரசாங்கம் ஏன் ரேஞ்சர்களின் லீ-என்ஃபீல்டை மாற்றியது?" மாற்றியது உண்மை. 2018-லிருந்து, பின்லாந்தின் டிக்கா துப்பாக்கியின் வடிவத்தைத் தழுவி ஒன்ராறியோவின் கிச்சனர் நகரில் செய்த சி-19 என்ற துப்பாக்கி கைக்கு வந்தது. மாற்றியதற்குக் காரணம், பழையதற்கு உதிரிப் பாகம் கிடைப்பது அரிதாகிவிட்டது. துருவப் பனியில் 70 ஆண்டு உழைத்த பிறகு பாகம் கிடைக்காமல்தான் அது ஓய்வு பெற்றது, சுட மறுத்ததால் அல்ல. புதிதாக வந்ததும் கையால் இயக்கும் போல்ட், 10 தோட்டா, இரும்புக் குறிமுனை என்று அந்தக் கிழவன் காட்டிய வழியிலேயே வந்திருக்கிறது. இந்தக் குளிர்காலத்திலும் யாரோ ஒருவரின் சறுக்கு வண்டியில் அதன் கட்டையும் இடிபட்டுக்கொண்டுதான் இருக்கும்.

நடுவர் ஐயா மணியைத் தொட்டுவிட்டார்கள். எங்கள் அணிக்கு உங்கள் தீர்ப்பை வேண்டி அமர்கிறேன். நன்றி, வணக்கம்.