செங்கோட்டை அலமாரிக்கு எல்லைக்கல் எதற்கு?

நடுவர் அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் நண்பர்களே, சாரலையும் பொருட்படுத்தாமல் வந்து அமர்ந்திருக்கும் செங்கோட்டைப் பெருமக்களே, புளியரை தாண்டி ஆரியங்காவிலிருந்து கடைசி பஸ்ஸை நம்பி வந்திருக்கும் உறவுகளே, வணக்கம்.

‘வீட்டுப் புத்தகங்களை அடுக்கச் சிறந்த வழி மொழிவாரியா, பொருள்வாரியா?’ இந்தத் தலைப்பை மதுரையில் கொடுத்திருந்தால் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டுக் காபி குடிக்கப் போயிருக்கலாம். நம் ஊரில் முடியாது. இங்கே பல வீடுகளில் அப்பா வாங்கியது தமிழ், அம்மா கொண்டுவந்தது மலையாளம், பிள்ளைகள் சேர்ப்பது ஆங்கிலம். அதனால் இது சண்டை வரக்கூடிய தலைப்பு. வரட்டும்.

எதிரணியின் முதல் பேச்சாளர் மூன்று காரணங்களை அடுக்கினார். மொழிவாரியாகப் பிரித்தால் தகராறு இருக்காது. நூலகங்களும் அப்படித்தான் வைக்கின்றன. வருகிறவர்கள் பார்த்தால் ஒழுங்காகத் தெரியும்.

மொழிவாரியாகப் பிரித்தால் தகராறு இருக்காதாம்! எந்த ஊரில் நின்றுகொண்டு சொல்கிறார் பாருங்கள், நடுவர் அவர்களே. 1956 நவம்பர் 1 அன்று இந்தச் செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. தாலுகா அலுவலகத்தில் நம் மொழியில் மனுக் கொடுக்க அது வேண்டும். அதற்காகப் போராடியவர்களை நான் கைகூப்பி வணங்குகிறேன். ஆனாலும் கேட்ட தேவிகுளமும் பீர்மேடும் கிடைக்கவில்லையே? கோடு என்று ஒன்றைப் போட்டால் யாராவது தவறான பக்கத்தில் நிற்கத்தான் செய்வார்கள். மாநிலத்துக்கு வேறு வழியில்லை. ஆறடி அலமாரிக்கு எல்லைக்கல் எதற்கு? சரி, நட்டுவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். தமிழ்–மலையாள அகராதியை நண்பர் எந்தத் தட்டில் வைப்பார்? நடுவில் கிழித்தா?

அதே 1956இல்தான் தகழியின் ‘செம்மீன்’ நாவல் மலையாளத்தில் வெளிவந்தது. அதைத் தமிழாக்கியவர் நாகர்கோவில்காரர் சுந்தர ராமசாமி. எங்கள் வீட்டில் மூலமும் தமிழாக்கமும் தோளோடு தோள் ஒட்டி நிற்பதுதான் வழக்கம். எதிரணி வீட்டிலோ தாய் ஒரு தட்டில், பிள்ளை இன்னொரு தட்டில்.

அடுத்தது நூலகம். நூலக இயலுக்கு ஐந்து விதிகள் தந்த எஸ்.ஆர். ரங்கநாதன் சீர்காழியில் 1892இல் பிறந்தவர். 1931இல் அவர் வெளியிட்ட அந்த விதிகளில் முதல் விதியே, நூல்கள் பயன்படுத்துவதற்கு என்பது. நூல்களை வகைப்படுத்த அவர் வகுத்த கோலன் பகுப்பிலும் முதலில் வருவது பொருள்தான். நூல்களுக்கு எண் கொடுத்து அடுக்க உலகம் முழுக்கப் புழங்கும் டியூவி முறையை எடுங்கள். சமையல் என்றால் 641.5. தமிழில் எழுதினாலும் சரி, மலையாளத்தில் எழுதினாலும் சரி, அடுப்பு ஒன்றுதான். இலக்கியத்தை மட்டும் அது மொழியால் பிரிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். எப்படிப் பிரிக்கிறது? தமிழ் இலக்கியத்துக்கு 894.811, மலையாள இலக்கியத்துக்கு 894.812. பக்கத்து வீடு! ஊர் நூலகத்தில் தமிழுக்குத் தனி அடுக்கு, ஆங்கிலத்துக்குத் தனி அடுக்கு இருப்பது உண்மை. அங்கே வருகிறவர் யார், எதைப் படிக்கத் தெரிந்தவர் என்று நூலகருக்குத் தெரியாது. வீட்டில் தெரியாதா?

இனி என் வீட்டுக் கதை. என் அம்மா புனலூர்க்காரி. பேசுவது தமிழ், பள்ளியில் படித்தது மலையாளம். கல்யாணமாகி, பதிமூன்று கண் பாலத்தைப் பார்த்துக்கொண்டே மீட்டர் கேஜ் ரயிலில் வந்தவள் இரும்புப் பெட்டியில் ஏழு புத்தகங்களைக் கொண்டுவந்தாள். அவை அப்பாவின் புத்தகங்களோடு கலந்தே கிடந்தன. ஒரு பொங்கலுக்கு வெள்ளையடித்து முடித்ததும் சித்தப்பா, ‘ஒழுங்கு பண்ணித் தருகிறேன்’ என்று உட்கார்ந்தார். தமிழ் கண்ணுக்கு நேரே, ஆங்கிலம் மேலே, மலையாளம் அடித்தட்டில். அழகாகத்தான் இருந்தது, நானும் பாராட்டினேன்.

அடித்தட்டுக்கு யாரும் குனியவில்லை. அந்தத் தட்டு எங்களுக்கு இல்லை என்று நாங்கள் பிள்ளைகள் தீர்மானித்துவிட்டோம். அம்மாவுக்குக் குனிய நேரமில்லை. நம் ஊர்ச் சுவருக்கோ ஜூன் மாதம் கணவாய்க் காற்று வீசத் தொடங்கினால் ஈரம் வடிவதில்லை. இரண்டு மழைக்காலம் கழித்துப் பார்த்தால், ஏழில் மூன்று மண்ணாகியிருந்தன. கறையான். அதில் ஒன்று அவளுடைய கைவைத்தியப் புத்தகம். அம்மா ஒன்றும் சொல்லாமல் முறத்தில் அள்ளிக்கொண்டு போனாள்.

‘அது ஈரத்தின் குற்றம், மொழியின் குற்றமா?’ என்று எதிரணி கேட்கும். ஈரம் எல்லாத் தட்டுக்கும்தான் இருந்தது. கைபடும் தட்டில் கறையானும் இராமபாணப் பூச்சியும் நிம்மதியாகக் குடித்தனம் நடத்த முடியாது. ஒரு வீட்டில் குறைவாகப் படிக்கப்படும் மொழியைத் தனியே ஒதுக்கினால் அது இன்னும் குறைவாகப் படிக்கப்படும். பெரும்பான்மை மொழிக்கு இதில் ஒரு நட்டமும் இல்லை; அதனால்தான் அதைச் ‘சுலபமான ஒழுங்கு’ என்கிறோம்.

இப்போது எங்கள் அலமாரி சுவரைவிட்டு நான்கு விரற்கடை தள்ளி நிற்கிறது. புத்தகங்களை இறுக்கி அடைப்பதில்லை. இடையில் காற்றுப் புக வேண்டும். வசம்புத் துண்டுகளைத் துணியில் முடிந்து போடுகிறோம். கனத்த புத்தகங்களைப் படுக்க வைக்கிறோம். சமையலும் மருந்தும் அடுக்களைப் பக்கம், கதைகள் ஊஞ்சல் பக்கம், ஊர் வரலாறும் கோயில் வரலாறும் கூடத்தில். மொழி பார்ப்பதில்லை.

போன ஆடியில் என் மகள் சமையல் தட்டில் கைவிட்டாள். வந்தது மலையாளப் புத்தகம். படத்தில் சக்கை எரிசேரி, அதாவது பலாக்காய்க் கூட்டு. எழுத்து தெரியவில்லை, திருப்பி வைக்கவும் மனமில்லை. ‘ஆச்சி, இதில் என்ன போட்டிருக்கிறது?’ என்று கேட்டாள். அம்மா கண்ணாடியைத் தேடினாள். அன்று எரிசேரியில் உப்புக் கூடிவிட்டது; அது வேறு வழக்கு. மறுநாள் மருந்துத் தட்டில் எஞ்சியிருந்த ஒரு மூலிகைப் புத்தகத்தைத் தமிழ்ப் புத்தகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு இருவரும் பெயர்ப் பொருத்தம் பார்த்தார்கள். நம் ஆடாதோடை அங்கே ஆடலோடகம். நம் கரிசலாங்கண்ணி அங்கே கய்யோன்னி. மகள் இப்போது மலையாளத்தில் எழுத்துக்கூட்டுகிறாள். யாரும் சொல்லிக்கொடுக்க முனையவில்லை. தவறான புத்தகம் கைக்கு வந்தது, அவ்வளவுதான்.

மூன்றாவது காரணம், பார்க்க ஒழுங்காகத் தெரியும் என்பது. தெரியும். எங்கள் அலமாரி அப்படித் தெரியாது. ஒரு முதுகெழுத்து மேலிருந்து கீழே இறங்கும், அடுத்தது கீழிருந்து மேலே ஏறும், கழுத்து வலிக்கும். விருந்தாளி காபி ஆறும்வரை பார்ப்பார், நாங்கள் வருடம் முழுவதும் எடுக்கிறோம்.

மணியை அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. ஒரே ஒரு விண்ணப்பம். எதிரணித் தலைவர் என்னிடமிருந்து ‘செம்மீன்’ தமிழாக்கத்தை இரவல் வாங்கி இரண்டு வருடமாகிறது. அவ்வளவு ஒழுங்காக அடுக்கிய அலமாரியில் அது எந்தத் தட்டில் இருக்கிறது என்பதை அவர் பேசும்போது சொல்லட்டும். மூலம் இங்கே தனியாக நிற்கிறது.