குதிரை இல்லாத குதிரை விளையாட்டு

நேயர்களுக்கு வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வொர்த் பகுதியில் சனிக்கிழமைதோறும் நான் நடத்தும் தமிழ் வகுப்பில், சென்ற வாரம் இரண்டு சிறுவர்கள் தாழ்வாரத்தில் ஒருவரையொருவர் இடித்துத் தள்ளிக் கட்டிப் புரண்டதில், ஒருவனுடைய சாப்பாட்டு டப்பா திறந்து புளிச்சோறு தரையெங்கும் சிதறியது. என்னப்பா இது என்று கேட்டேன். 'ஹார்ஸிங் அரவுண்ட்' என்றான். தமிழில் சொல் என்றேன். சற்று யோசித்து, "குதிரை சுற்றினோம், சார்" என்றான். ஆங்கிலமே வீட்டுமொழியாகிவிட்ட நம் பேரப்பிள்ளைகளுக்கு இந்த இடறல் இயல்பானது. ஆகவே அந்தத் தொடரையே இன்று எடுத்துக்கொள்கிறேன்.

முரட்டுத்தனமான ஒன்றையோ காரமான ஒன்றையோ குறிக்க, அதன் பெயருக்கு முன்னால் குதிரையைச் சேர்ப்பது ஆங்கிலத்தில் பழைய வழக்கம். ஹார்ஸ்ராடிஷ் என்னும் காரக் கிழங்கின் பெயர் அப்படி அமைந்ததே. முரட்டு விளையாட்டைக் குறிக்கும் ஹார்ஸ்ப்ளே என்ற சொல் 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வழங்கியது. ஹார்ஸ் அரவுண்ட் என்னும் வினை மிகவும் பிற்பட்டது. கைகால் படும், சத்தம் எழும், ஆனால் பகை இராது. நம் ஆயாக்கள் "கொட்டம் அடிக்காதீங்கடா" என்று அதட்டுவார்களே, அதே ஆட்டம்தான்.

மங்கி அரவுண்ட் என்பது சற்று வேறு. டர்பனில் ஜன்னல் வழியே சமையலறைக்குள் நுழையும் வெர்வெட் குரங்கு, வாழைப்பழத்தோடு நிற்காமல் சர்க்கரை டப்பாவையும் திறந்து கவிழ்த்துவிட்டுப் போவதைக் கண்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மின்விசிறியின் சுவிட்சை ஒரு பிள்ளை நோண்டினால் இத்தொடர் பொருந்தும். நாம் குரங்குச் சேட்டை என்பதும் இதற்கு வெகு அருகில் இருக்கிறது.

என் கருத்தில், இவற்றில் பொருளைத் தாங்குவது விலங்கின் பெயரைவிட அரவுண்ட் என்னும் சிறுசொல்லே. 'சுற்றி' என்னும் அகராதிப் பொருள் இங்கே உதவாது. நோக்கமின்றி, பொழுதுபோக்காக என்பதே அதன் கருத்து. அதற்கு நம்மிடம் 'சும்மா' இருக்கிறது. "சும்மா விளையாடிக்கொண்டிருந்தோம்" என்று அச்சிறுவன் சொல்லியிருந்தால், ஆங்கிலத் தொடரின் பொருளோடு அதிலுள்ள சமாதானமும் சேர்ந்தே வந்திருக்கும். இந்த ஆங்கிலத் தொடர்களைப் பெரியவர் சொன்னால் கண்டிப்பு, சிறுவர் சொன்னால் சமாதானம்; வயதில் மூத்தவரை நோக்கிச் சொன்னாலோ மரியாதைக் குறைவு. விளையாட்டு வினையாகிக் காயம் பட்டபின் சொன்னால் அது வெறும் சாக்காகவே ஒலிக்கும்.

இரண்டு தொடர்களையும் தமிழாக்கி வரும்படி அச்சிறுவர்களிடம் சொல்லியிருக்கிறேன். குதிரை வரக்கூடாது, குரங்கு வந்தால் தவறில்லை.