அச்சும் அச்சுமுறுக்கும்

(பட்டிமன்றத் தலைப்பு: கிறிஸ்துமஸ் மரபைப் பெரிதும் காத்து வருவது ஆலயமா? அடுக்களையா? ‘அடுக்களையே’ அணியின் உரை)

நடுவர் அவர்களே, எதிரணிப் பெரியவர்களே, மார்கழிப் பனியிலும் மைதானம் நிறைய உட்கார்ந்திருக்கும் என் சொந்தங்களே, வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய ஐயா ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். “கேக்கைக் கடையில் வாங்கலாம், முறுக்கைக் கடையில் வாங்கலாம், ஸ்டாரைக் கடையில் வாங்கலாம். அதிகாலை நாலு மணி ஆராதனையை எந்தக் கடையில் வாங்குவீர்கள்?” நீங்கள் எல்லாரும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். விடியுமுன் கோயில் மணி கேட்டு, தலை ஈரம் காயாமல், மடிப்புக் கலையாத புதுத்துணியோடு ஓடிப்போய்ப் பாயில் உட்கார்ந்து பாடி வளர்ந்தவள் நான். அந்த ஆராதனை எனக்கும் உயிர்தான்.

ஆனால் தலைப்பில் ‘மரபு’ என்ற சொல் இருக்கிறது, நடுவர் அவர்களே. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போவதுதான் மரபு. ஆராதனை எப்படி நமக்கு வந்து சேர்ந்தது? புத்தகமாக வந்தது. தரங்கம்பாடியில் ஜெர்மனியிலிருந்து வந்த மிஷனரி சீகன்பால்க் ஐயர் 1715-லேயே தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சேற்றிவிட்டார். அதற்குப் பிறகு ஜெபப்புத்தகமும் கீர்த்தனையும் பாமாலையும் அச்சில் ஏறின. நாளைக்கு ஊரில் ஒருவருக்கும் ஞாபகம் இல்லாமல் போனாலும், அந்தப் பக்கத்தைத் திறந்தால் ஆராதனையை நடத்திவிடலாம். எங்கள் ஆச்சியின் அச்சுமுறுக்குப் பக்குவம் எந்த அச்சில் ஏறியிருக்கிறது? அவள் கையில் இருந்த இரும்பு அச்சில் மட்டும்தான் இருந்தது.

நாசரேத் பக்கத்தில் எங்கள் வீட்டில் டிசம்பர் பிறந்தால் அந்த அச்சைப் பரணிலிருந்து இறக்குவார்கள். கஞ்சித் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவைத்து, துடைத்து, எண்ணெய் தடவி எடுத்து வைப்பாள் ஆச்சி. அரிசி மாவு, தேங்காய்ப்பால், முட்டை, சீனி, ஒரு பிடி எள். இதை யாரும் எழுதிவிடலாம். பதம் என்று ஒன்று இருக்கிறதே, அதை எழுத முடியாது. அச்சு முதலில் எண்ணெயில் கிடந்து காய வேண்டும். காயாத அச்சில் மாவு பிடிக்காது. அளவுக்கு மீறிக் காய்ந்தால், மாவைத் தொட்டதுமே வழுக்கி விழுந்துவிடும். முழு அச்சையும் மாவில் முக்கினால் மாவு மேலே ஏறி மூடிக்கொள்ளும், பூ கழலாது. “ஏட்டி, முக்கால்தான் முக்கணும், முழுசா முக்காத” என்று என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்துவாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. முதல் பூ எண்ணெயில் தானாகக் கழன்று மிதந்தபோது ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. அச்சை என் கையிலேயே விட்டுவிட்டு, தேங்காய் துருவப் போய்விட்டாள். எனக்குப் பட்டம் கொடுத்த மேடை அதுதான்.

முந்திரிக்கொத்துக்கு வருகிறேன். வெளியூர்க்காரர்கள் பெயரைக் கேட்டுவிட்டு அதில் முந்திரிப்பருப்பைத் தேடுவார்கள். இருக்காது. இங்கே முந்திரி என்பது கொடிமுந்திரி, அதாவது திராட்சை. பாசிப்பயற்றை வறுத்துத் திரித்து, கருப்பட்டிப் பாகும் வறுத்த தேங்காயும் ஏலமும் சேர்த்து உருட்டி, மஞ்சள் கலந்த அரிசிமாவில் தோய்த்து, மூன்று மூன்றாக எண்ணெயில் விட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு திராட்சைக் குலைபோல வரும். பாகு இளகினால் உருண்டை உடையும், முறுகினால் கல்லாகும். பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டிப் பார்த்துப் பதம் சொல்லும் ஆள் ஒருத்தி வேண்டும். அவள் இல்லாத வீட்டில் அந்தப் பலகாரம் இல்லை.

எதிரணியில் பேசிய கத்தோலிக்கச் சகோதரி, இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்டும் குடிலைச் சொன்னார்கள். 1223-ல் கிரேச்சோ என்ற ஊரில் அசிசியின் பிரான்சிஸ் அமைத்த குடிலிலிருந்து வந்த வழக்கம், ஆகவே திருச்சபையின் கொடை என்றார்கள். ஒப்புக்கொள்கிறேன். அந்தக் குடிலைச் சுற்றிப் பச்சைப் பசேலென்று புல் இருக்கிறதே, அது எங்கிருந்து வந்தது? பத்து நாளுக்கு முன்னாலேயே தட்டில் மண் பரப்பி, கேழ்வரகு தூவி, தண்ணீர் தெளித்து முளைக்க வைத்தது யார்? வீட்டில் அம்மாவும் பிள்ளைகளும். முளைப்பாரி போடத் தெரிந்த தமிழ்க் கை அது. பெத்லகேமுக்கு நம் ஊர்க் கேழ்வரகுப் பயிரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அடுக்களைதான்.

இன்னும் ஒன்று. கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் நட்சத்திரத்தைப் பின்தொடர்ந்து போய்ப் பிள்ளை இயேசுவை எங்கே கண்டார்கள்? மத்தேயு இரண்டாம் அதிகாரம், பதினோராம் வசனம். வீட்டுக்குள் பிரவேசித்துக் கண்டார்கள். எருசலேமில் பெரிய தேவாலயம் இருந்தது. நட்சத்திரம் நின்றது ஒரு வீட்டுக்கு மேல்.

நம் திருநெல்வேலிச் சீமைக்கே வாருங்கள். பாளையங்கோட்டையில் நம் சபைக்கு அடித்தளமிட்ட கிளாரிந்தா அம்மையார், மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றது 1778-ல். சபைப் பதிவேட்டில் 40 பேர் எழுதப்பட்டது 1780-ல். இன்றைக்கும் அவர் பெயரைச் சொல்லி நிற்கும் கோயில் எழும்பியது 1785-ல். மனிதர்களும் அவர்களுடைய வீடுகளும் முதலில் வந்தார்கள், நடுவர் அவர்களே. சுண்ணாம்பும் செங்கலும் பின்னால் வந்தன. மெஞ்ஞானபுரத்துக் கோயிலின் 192 அடிக் கோபுரத்தை எதிரணியினர் பெருமையாகச் சொன்னார்கள். எனக்கும் அது பெருமைதான். அந்தக் கோபுரத்தின் கீழே வந்து நிற்கும் பிள்ளைக்கு முதல் ஜெபம் சொல்லிக்கொடுத்தது, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் விளக்கடியில் நடந்த குடும்ப ஜெபம்.

டிசம்பரில் பாடகர் குழு ராத்திரி ராத்திரியாக கேரல் ரவுண்ட்ஸ் வருகிறதே, ஏன்? கோயிலிலேயே பாடிவிட்டுப் போகலாமே? கோயிலுக்கே வீட்டு வாசல் தேவைப்படுகிறது. பதினோரு மணிக்கு மேல் தெருமுனையில் டிரம் சத்தம் கேட்கும்போது, தூங்கிப்போன பிள்ளையை எழுப்பி இடுப்பில் வைத்துக்கொண்டு, அம்மா சுக்குக் காப்பிப் பானையை அடுப்பில் ஏற்றுவாள். இருபது டம்ளர் வாசலுக்கு வரும். அந்தக் காப்பியும் அந்தப் பாட்டும் எனக்கு ஒரே ஞாபகம்.

எதிரணித் தங்கை ஒரு வார்த்தை சொன்னாள், அது என்னைக் குத்தியது. “அடுக்களை மரபு என்று நீங்கள் புகழ்வது பெண்களின் முதுகுவலியை” என்றாள். உண்மைதான். 24-ஆம் தேதி ராத்திரி முழுக்க அடுப்பு முன் நின்றுவிட்டு, காலை ஆராதனையில் சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்த என் அம்மாவைப் பார்த்திருக்கிறேன். அது நியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். அதற்குத் தீர்வு அடுக்களையை மூடுவது அல்ல. ஆண்களை உள்ளே அழைப்பது. எங்கள் அப்பா பயறு திரிப்பார், பெரிய எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைப்பார், மூங்கில் பிளந்து ஸ்டார் கட்டுவார். இன்று என் மகனுக்கும் பாகு பதம் தெரியும்.

மணி அடித்துவிட்டீர்கள். ஒரு நிமிடம் மட்டும் கொடுங்கள்.

ஆச்சி இறந்த வருஷம் எங்கள் வீட்டில் ஸ்டார் போடவில்லை. துக்கம் நடந்த வருஷம் பலகாரம் சுடக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை. விடியற்காலை கோயிலுக்குப் போனோம். மணி அடித்தது, பாட்டு அதே பாட்டு, ஜெபம் அதே ஜெபம், எதிலும் குறையில்லை. எனக்கு மட்டும் பண்டிகை வந்து சேரவில்லை. வீட்டுக்குத் திரும்பி இருட்டான அடுக்களையில் உட்கார்ந்திருந்தேன்.

ஏழு மணிக்குப் பக்கத்து வீட்டு மாமி கதவைத் தட்டினார்கள். முஸ்லிம் வீடு. முப்பது வருஷமாக ரம்ஜானுக்குக் கஞ்சியும் பக்ரீதுக்குப் பிரியாணியும் அங்கிருந்து வரும், கிறிஸ்துமஸுக்கு எங்கள் தட்டு அங்கே போகும். அன்று மாமி கையில் எங்கள் வீட்டுப் பித்தளைத் தட்டு இருந்தது. போன வருஷம் பலகாரம் வைத்து அனுப்பிய தட்டு. மேலே போட்டிருந்த துணியை எடுத்தேன். அச்சுமுறுக்கு. ஒரு இதழ்கூட உடையாத பூக்கள். எள் போட்டிருந்தது.

“ஒங்க ஆச்சிதான் சொல்லித் தந்தா. முக்கால்தான் முக்கணும்னு” என்றார்கள் மாமி.

தீர்ப்பை உங்களிடம் விடுகிறேன், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.