வர்க்கியின் வலப்பக்கக் கடைவாய்ப் பல்லை ஒருவழியாகப் பிடித்துவிட்டேன்

வணக்கம் மக்களே. குரல் கரகரவென்று இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். குன்னூரில் நான்கு நாளாக வெயிலே இல்லை. மாடியில் போட்ட துணி எல்லாம் போட்டபடியே ஈரமாகத் தொங்குகிறது. ஆனால் இன்றைக்கு நான் ரொம்ப சந்தோஷமாக இருக்கிறேன். வர்க்கிக்கு மேல்தாடையில் வலப்பக்கம் பின்னால் இருக்கிற பெரிய பல், அதை இன்று காலை முழுதாகத் தேய்த்துவிட்டேன். உறுமல் இல்லை, ஓட்டம் இல்லை. இதற்கு 19 நாள் ஆயிற்று.

புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. வர்க்கி என்றால் ஊட்டி வர்க்கி பிஸ்கட் இல்லை, என் நாய். அதே நிறம், அதனால் அதே பெயர். ஐந்து வயது, சுத்தமான நாட்டு நாய்.

காட்டெருமை வீடியோ பார்த்தீர்கள் அல்லவா? கேட்டுக்கு வெளியே தேயிலைக்குள் அது நின்றதும் இவள் தொண்டை கிழியக் குரைத்தாளே, அதை எடிட் செய்யும்போதுதான் கவனித்தேன். வாய் அகலத் திறந்திருக்கிறது, பின்பல்லில் ஈறை ஒட்டிப் பழுப்பாக ஒரு பட்டை. டீக்கடையில் தொங்குமே வடிகட்டும் பை, அந்த நிறம். நகத்தால் சுரண்டினேன், அசையவே இல்லை. அதற்கு முன்பே வாய் நாற்றம் இருந்தது. "நாய் வாய் நாறாமல் மல்லிகைப்பூ மாதிரியா மணக்கும்?" என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். நானும் நம்பிவிட்டேன். தப்பு. நாற்றம் என்பது ஈறில் நோய் தொடங்கியிருப்பதற்கு அடையாளமாக இருக்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் உறைத்தது.

அவரே படம் போட்டு விளக்கினார். சாப்பிட்டதும் பல்மேல் வழவழவென்று ஒரு படலம் சேர்கிறது, அதில் கிருமிகள். அப்படியே விட்டால் எச்சிலில் இருக்கும் தாது உப்புகள் சேர்ந்து இரண்டு மூன்று நாளில் காரையாக இறுகிவிடும். இறுகிய பிறகு பிரஷ் ஒன்றும் செய்யாது. அதனால்தான் தினமும் தேய்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தேய்ப்பதால் பெரிய பயன் இல்லை, சனிக்கிழமைக்குள் கல் ஆகிவிடும். நாய்க்கு மொத்தம் 42 பல், நம்மைவிடப் பத்து அதிகம். அதில் மேல்தாடைப் பெரிய பல்லுக்கு நேராகக் கன்னத்தில் எச்சில் குழாய் திறக்கிறது, ஆகவே காரை முதலில் பிடிப்பது அங்கேதான். அந்தப் பல்லுக்கு மூன்று வேர். வேரில் சீழ் வைத்தால் கண்ணுக்குக் கீழே வீங்கும். கண்ணில் ஏதோ பூச்சி கடித்துவிட்டது என்று நினைத்துவிடுவோம்.

வர்க்கிக்குக் காரை ஏற்கெனவே பிடித்துவிட்டதால் கோயம்புத்தூர் போய் மயக்கம் கொடுத்து எடுத்தோம். ரத்தப் பரிசோதனை எல்லாம் சேர்த்து 9,000 ரூபாய் ஆயிற்று. மலை இறங்கும்போது மூன்று முறை வாந்தி, அது தனிக் கதை. வேறு ஓர் இடத்தில் மயக்கம் எதுவும் வேண்டாம், அரை மணி நேரம், 800 ரூபாய் என்றார்கள். எனக்கு இதைக் கேட்டாலே எரிகிறது. வெளியே தெரிகிற பகுதியைச் சுரண்டிப் பளபளப்பாக்கிவிடுவார்கள். நோய் இருப்பது ஈறுக்கு அடியில், விழித்திருக்கும் நாய் அங்கே கருவியை விட விடுமா? பார்க்க வெள்ளையாக இருப்பதால் நாமும் நிம்மதியாகத் தூங்கிவிடுவோம்.

இப்போது பிரஷ் கதை. இதை நான் சொல்லியே ஆக வேண்டும். ஆன்லைனில் நாய்க்கென்றே ஒன்று, 389 ரூபாய். கூரியர்காரர் எங்கள் வீட்டுக்கு ஏற மாட்டார் என்பது உங்களுக்குத் தெரியும். கீழே டீக்கடையில் வைத்துவிட்டுப் போனில் சொல்வார். 112 படி, எண்ணியிருக்கிறேன். கொட்டுகிற மழையில் இறங்கி, வாங்கி, ஏறி, மூச்சு வாங்கப் பிரித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் தலை வைத்த ஒரு சாமான். ஒரு தலை குழம்புக் கரண்டி அளவு. இன்னொன்று சின்னது, ஆனால் முள் தேங்காய் நார் மாதிரி. அட்டையில் ஒரு வெளிநாட்டு நாய் சிரிக்கிறது. சிரிக்காமல் என்ன செய்யும், அது தேய்க்கப் போவதில்லையே! திருப்பி அனுப்பலாம் என்றால் இந்தப் பொருளைத் திரும்ப எடுக்க மாட்டார்களாம். மறுநாள் மார்க்கெட்டில் சின்னக் குழந்தைகளுக்கான பிரஷ் வாங்கினேன். மென்மையான முள், தலை என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, முயல் படம். 30 ரூபாய். அதைத்தான் இன்றுவரை பயன்படுத்துகிறேன். முயலுக்கு 30, நாய்க்கு 389. 359 ரூபாய்க்கு எத்தனை கிலோ கேரட் வாங்கியிருக்கலாம், நீங்களே கணக்குப் போடுங்கள்.

பேஸ்டில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். நம்முடைய பேஸ்டைத் தொடவே கூடாது. நாய்க்குத் துப்பத் தெரியாது, எல்லாவற்றையும் விழுங்கும். நம் பேஸ்டில் ஃபுளோரைடு இருக்கும், சிலவற்றில் சைலிட்டால் இருக்கும். அந்தச் சைலிட்டால் நாய்க்கு விஷம். ரத்தச் சர்க்கரை சடசடவென்று இறங்கிவிடும், ஈரலும் கெடலாம். சர்க்கரை இல்லாத சூயிங்கத்திலும் அது உண்டு, கைப்பையைக் கீழே வைக்காதீர்கள். நாய்க்கான பேஸ்டில் கோழிச் சுவை போட்டிருப்பார்கள். எனக்குக் குமட்டுகிறது, இவளுக்கு அது பாயசம்.

சரி, எப்படிப் பழக்கினேன்? முதல் ஐந்து நாள் பிரஷையே காட்டவில்லை. விரலில் பேஸ்ட் தடவி நக்கவிட்டேன். அப்புறம் உதட்டைத் தூக்கி, விட்டு, ஒரு துண்டு கேரட். அப்புறம் விரலில் துணி சுற்றி முன்பல்லில் மட்டும். ஒன்பதாம் நாள்தான் பிரஷ் வந்தது. வாயைப் பிளக்க வேண்டாம். வாய் மூடியே இருக்கட்டும், கன்னத்துக்குள் பிரஷை நுழைத்து, ஈறும் பல்லும் சேருகிற கோட்டில் சாய்த்து வைத்துச் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்க வேண்டும். வெளிப்பக்கம் போதும், உள்பக்கத்தை நாக்கே ஓரளவு பார்த்துக்கொள்ளும். பக்கத்துக்கு அரை நிமிடம்.

ஐயோ, ஒன்றை மறந்தேன். ஸ்கேலிங், அதாவது மயக்கம் கொடுத்துக் காரை எடுப்பது, முடிந்து வந்த மறுநாளே தொடங்கிவிடாதீர்கள். ஈறு ஆறட்டும். எங்கள் டாக்டர் ஒரு வாரம் கழித்துத்தான் பிரஷைத் தொடச் சொன்னார். அதேபோல் ஈறு சிவந்து வீங்கி, தொட்டாலே கத்துகிற நாய்க்கு நீங்களாகத் தேய்க்கப் போகாதீர்கள். வலியோடு பழக்கினால் பிரஷைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

வலப்பக்கம் மட்டும் ஏன் 19 நாள்? தலையைத் திருப்பித் திருப்பி முழங்கையை நக்கினாள், பிரஷைக் கடித்தாள், ஒரு நாள் தும்மி என் கண்ணாடியெல்லாம் கோழிப் பேஸ்ட். நேற்று இரவு படுத்துக்கொண்டு யோசித்தேன். இடப்பக்கம் தேய்க்கும்போது நான் அவளுக்குப் பக்கத்தில், இரண்டு பேரும் ஒரே திசையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறோம். வலப்பக்கத்துக்கு மட்டும் எதிரே போய்க் குனிகிறேன். முகத்துக்கு நேரே ஆள் குனிந்தால் நாய் மிரளும், இத்தனை வீடியோவில் நானே சொன்னதுதான்! காலையில் நான் இடம் மாறி அவளுடைய வலப்பக்கம் உட்கார்ந்தேன். முடிந்தது. இன்னொன்று, குழாய்த் தண்ணீரில் பிரஷை நனைத்தால் இந்தக் குளிரில் பல் கூசும். வெதுவெதுப்பான நீரில் நனைத்தேன். எது பலித்தது என்று தெரியாது, இரண்டையும் விடப் போவதில்லை.

போன வீடியோவுக்கு வந்த யோசனைகள். நீலகிரித் தைலம் ஒரு சொட்டு விட்டால் நாற்றம் போகும் என்று நான்கு பேர். வேண்டவே வேண்டாம். நம் ஊரில் எல்லா வியாதிக்கும் அதுதான் மருந்து, ஆனால் நாய் வயிற்றுக்குள் போனால் அது நஞ்சு. மான்கொம்பு கடிக்கக் கொடுங்கள் என்று ஒருவர். காட்டில் தானாக உதிர்ந்த கொம்பை எடுத்து வந்தாலும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம் ஐயா, அது ஒரு பக்கம். கட்டை விரல் நகத்தை அழுத்தினால் பதியாத எதையும் கடிக்கக் கொடுத்தால், மேலே சொன்ன அதே பெரிய பல் பிளந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மட்டன் எலும்புக்கும் இதே பதில். வெந்த எலும்பு சிலாம்பாக உடைந்து குடலைக் குத்தும் என்பதும் சேரும். கேத்தி கேரட் கொடுக்கலாம், நான் தினமும் கொடுக்கிறேன், ஆனால் அது தின்பண்டம், பிரஷுக்குப் பதில் இல்லை. பல்லுக்கென்று விற்கும் மெல்லும் குச்சி வாங்கினால் வி.ஓ.எச்.சி. (செல்லப்பிராணிகளின் பல்லுக்கான பொருள்களைச் சரிபார்க்கும் அமைப்பு) முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பல்மேல் சேரும் படலத்தையோ காரையையோ குறைக்கிறது என்று சோதனையில் காட்டிய பொருளுக்குத்தான் அதைத் தருவார்கள்.

கடைசியாக, பிரஷை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். முயல் பிரஷ் நான் இரண்டு வாங்கினேன், நீலம் வர்க்கிக்கு, இன்னொன்று அண்ணன் மகன் வந்தால் கொடுக்க. இரண்டையும் குளியலறையில் எங்கள் பிரஷ்கள் இருக்கிற அதே டம்ளரில் வைத்திருந்தேன். வைக்காதீர்கள். அப்பாவின் பிரஷும் நீலம்தான், காலையில் அவர் கண்ணாடி போட மாட்டார். செவ்வாய்க்கிழமையிலிருந்து அவர் என்னோடு பேசவில்லை.