சிரிப்புச் சத்தமும் கைதட்டல் சத்தமும்

வணக்கம் நேயர்களே. இந்த உரைக்கு அழைத்தபோது தலைப்பை நானே கேட்டு வாங்கினேன். ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பற்றி வானொலியில் என்ன பேச்சு என்று உங்களுக்குத் தோன்றலாம். நான் சொல்ல வந்த விஷயத்துக்குக் காது போதும்.

நிகழ்ச்சியின் பெயர் சாட்டர்டே நைட் லைவ். அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் 1975 அக்டோபர் 11-ஆம் தேதி தொடங்கியது, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. சனிக்கிழமை இரவு 11.30 மணிக்கு நியூயார்க்கிலிருந்து நேரலையாக ஒன்றரை மணி நேரம் வரும். ஐந்தாறு நிமிட நகைச்சுவை நாடகங்கள், நடுவில் செய்தி வாசிப்பதுபோல ஒரு பகுதி, கொஞ்சம் பாட்டு. வாரம் ஒரு பிரபலம் விருந்தினராக வந்து நடத்திக் கொடுப்பார்.

நான் நியூ ஜெர்சியில் வேலை பார்த்த வருடங்களில், திங்கள்கிழமை காலை காபி குடிக்கும் இடத்தில் இந்தப் பேச்சுதான் ஓடும். "முன்ன மாதிரி இல்லை" என்று எல்லோரும் சொல்வார்கள். சரி, எது அந்த 'முன்ன' என்று கேட்டால்தான் வேடிக்கை. எழுபதுகளில் பள்ளிக்கூடம் போனவர், ஜான் பெலுஷி, கில்டா ராட்னர் என்ற நடிகர்கள் இருந்த காலம் என்பார். அடுத்தவருக்கு எடி மர்ஃபி. இன்னும் இளையவருக்கு வில் ஃபெரல். பதினைந்து பதினாறு வயதில், வீட்டில் பெரியவர்கள் தூங்கிய பிறகு சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்ததையே ஒவ்வொருவரும் சொன்னார்கள். அந்தச் சிரிப்போடு இந்த வாரத்துச் சிரிப்பு எப்படிப் போட்டி போடும்?

பழைய நிகழ்ச்சிகளை வெட்டாமல் முழுதாகப் பார்த்திருக்கிறேன். நம் நினைவில் தங்குவது ஒரு நாடகம்தான். அதற்கு முன்னும் பின்னும் சவசவவென்று போன மூன்று நாடகங்களை மறந்துவிடுகிறோம். நிகழ்ச்சியை உருவாக்கிய லார்ன் மைக்கேல்ஸ் 1980-இல் விலகினார். அடுத்து வந்த தயாரிப்பாளரை அந்தப் பருவம், அதாவது அந்த வருடத்து நிகழ்ச்சி வரிசை, முடிவதற்குள்ளேயே மாற்ற வேண்டிய நிலை வந்தது. எல்லோரும் கைவிட்ட அதே பருவத்தில்தான் எடி மர்ஃபி என்கிற பத்தொன்பது வயதுப் பையன் உள்ளே வந்தார். மைக்கேல்ஸ் 1985-இல் திரும்பினார். ஆகவே, எப்போதும் நன்றாகவே இருந்து இப்போது கெட்டுப்போன நிகழ்ச்சி இல்லை இது.

இதற்கு ஒரு காரணம் அது தயாராகும் விதம். திங்கள்கிழமை விருந்தினரைச் சந்திக்கிறார்கள். செவ்வாய் இரவு விடிய விடிய எழுதுகிறார்கள். புதன்கிழமை நாற்பது நாடகங்கள் வரை மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாசிக்கிறார்கள். பெரும்பாலானவை அங்கேயே விழுந்துவிடும். மிச்சத்துக்கு இரண்டே நாளில் அரங்கப் பொருள், உடை, ஒத்திகை எல்லாம் முடியவேண்டும். சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு உண்மையான பார்வையாளர்களை வைத்து முழு ஒத்திகை. அதில் எடுபடாததை வெட்டிவிட்டு, வசனத்தை மாற்றி, கையால் அட்டையில் எழுதி, 11.30-க்கு மேடை ஏறுகிறார்கள். தயாராகிவிட்டதால் ஏறுவதில்லை, மணி 11.30 ஆகிவிட்டதால் ஏறுகிறார்கள்.

நாடகக்காரர்களுக்கு இந்த வயிற்றுக் கலக்கம் தெரியும். இந்த நிகழ்ச்சியின் உயிரே அதுதான் என்று நான் நினைக்கிறேன். அது இருக்கிறதா இல்லையா என்பதைக் காதால் கண்டுபிடிக்கலாம். ஒரு நாடகம் ஓடும்போது கண்ணை மூடிக்கொண்டு அரங்கத்தைக் கேளுங்கள். கைதட்டல் ஒரு சத்தம், சிரிப்பு வேறு சத்தம். கைதட்டுவதற்கு ஒரு கணம் யோசிக்கிறோம். 'ஆமாம், நானும் அப்படித்தான் நினைக்கிறேன்' என்று தீர்மானித்துத் தட்டுகிறோம். சிரிப்பு நம்மைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

அண்மைக் காலத்தில் தொடக்கக் காட்சியில் எனக்குக் கேட்பது பெரும்பாலும் கைதட்டல். அந்த வாரத்து அரசியல் செய்தியையே திரும்ப நடிக்கிறார்கள். அரசியல்வாதியின் வேடத்தில் ஒரு பிரபல நடிகர் நுழைகிறார், அரங்கம் ஆர்ப்பரிக்கிறது. அப்புறம் நகைச்சுவை எங்கே என்று தேடவேண்டியிருக்கிறது. 2024 நவம்பர் 2-ஆம் தேதி, தேர்தலுக்கு மூன்று நாள் முன்னால், கமலா ஹாரிஸே வந்து, தன் வேடம் போட்ட மாயா ருடால்ஃபுக்கு எதிரே கண்ணாடிப் பிம்பம்போல உட்கார்ந்தார். தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தை நினைத்து நமக்கெல்லாம் அந்தக் காட்சி தனி நெகிழ்ச்சி. எனக்கும்தான். ஆனால் அன்று அரங்கத்தில் எழுந்தது வாழ்த்தொலி. அதைச் சிரிப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அரசியல் என்பதால் இப்படி ஆகிறது என்றும் சொல்லமுடியாது. 2008-இல் நடிகை டீனா ஃபே, அப்போது துணை அதிபர் வேட்பாளராக நின்ற அலாஸ்கா ஆளுநர் சாரா பேலின் வேடத்தில் வந்து, "என் வீட்டிலிருந்து ரஷ்யா தெரிகிறது" என்றார். அரங்கம் அதிர்ந்தது. அலாஸ்காவிலிருந்து ரஷ்யாவைப் பார்க்கமுடியும் என்று பேலின் ஒரு பேட்டியில் சொன்னதை, அரை அடி தள்ளிக் கொண்டுபோய் வைத்தார்கள். அந்த அரை அடி யாரும் எதிர்பாராதது. பேலினே அப்படிச் சொன்னதாக இன்றும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

அப்படியானால் இப்போது சிரிப்பே இல்லையா? இருக்கிறது. 2024 ஏப்ரலில் நடிகர் ரயன் காஸ்லிங் விருந்தினராக வந்த நிகழ்ச்சியைத் தேடிப் பாருங்கள். செயற்கை நுண்ணறிவு பற்றி ஒரு பேராசிரியர் மிகத் தீவிரமாகப் பேசிக்கொண்டிருக்கிறார். கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர் பீவிஸ், பட்ஹெட் என்ற பழைய கார்ட்டூன் பாத்திரங்களை அச்சில் வார்த்தாற்போல் இருக்கிறார்கள். அவ்வளவுதான் கதை. பேட்டி எடுப்பவராக நடித்த ஹைடி கார்ட்னர் திரும்பி அந்த ஒப்பனை முகத்தைப் பார்த்தார், வசனம் பேசமுடியாமல் குலுங்கிச் சிரித்துவிட்டார். நடிப்புக் கட்டு உடைந்தது, அரங்கமும் சேர்ந்து உடைந்தது. ஐம்பது வருடத்தில் வந்த எந்த நல்ல நாடகத்தோடும் அதை நான் தயங்காமல் சேர்ப்பேன்.

இன்னொன்று, கடைசிப் பத்து நிமிடத்தைத் தவறவிடாதீர்கள். 12.50 வாக்கில் வரும் நாடகத்துக்கு அங்கே தனி மரபு உண்டு. முன்னால் வைக்கப் பயப்படும் விசித்திரமான எழுத்துகளை அந்த நேரத்தில் வைப்பார்கள். பாதி எடுபடாது, எடுபடும் பாதி வேறெங்கும் கிடைக்காது. மறுநாள் வெட்டிப் பகிரப்படும் துண்டுகளை மட்டும் பார்த்துவிட்டு நிகழ்ச்சி செத்துவிட்டது என்பவர்களிடம் எனக்குள்ள வருத்தமே இதுதான்.

2020 ஏப்ரல் 11-ஆம் தேதி, பெருந்தொற்று முடக்கத்தில், நடிகர்கள் அவரவர் வீட்டிலிருந்து படமெடுத்து ஒரு நிகழ்ச்சி தந்தார்கள். டாம் ஹாங்க்ஸ் தன் வீட்டுச் சமையலறையில் நின்று தொடங்கிவைத்தார். அந்தச் சூழ்நிலையில் அதைச் செய்ததே பெரிய காரியம். ஆனால் ஒவ்வொரு நகைச்சுவைக்குப் பிறகும் வெறும் மௌனம். எடுபட்டதா இல்லையா என்று அவர்களுக்கும் தெரியவில்லை, பார்த்த எனக்கும் தெரியவில்லை.

அக்டோபரில் ராக்ஃபெல்லர் மையத்தில் உள்ள தங்கள் 8ஹெச் அரங்கத்துக்குத் திரும்பினார்கள். அது முதலில் வானொலிக்காகக் கட்டிய அரங்கம். புகழ்பெற்ற இசை நடத்துநர் டோஸ்கனினி நடத்திய என்பிசி இசைக்குழு அங்கேதான் வாசித்தது. முகக்கவசம் போட்ட கொஞ்சம் பேர்தான் வந்திருந்தார்கள். கவசத்தின் வழியாக மங்கலாக, ஆனால் சந்தேகமில்லாமல், அந்தச் சத்தம் கேட்டது. நான் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டி வைத்தேன்.

நன்றி, வணக்கம்.